ஓலோட், 2015: ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்த தொண்டை அடைப்பான் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கில், கட்டலோனியாவின் ஜிரோனா மாகாணத்தில், அணைந்துபோன எரிமலைகளுக்கு நடுவே இருக்கிற சிறு நகரம் ஓலோட். 2015 மே மாதக் கடைசியில் அந்நகரைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோய் கண்டது. அந்த நாட்டில் 1980களின் பிற்பகுதிக்குப் பிறகு இந்நோய் யாருக்கும் வந்ததாகப் பதிவே இல்லை. ஆகவே இது ஒரு குழந்தையின் நோய் வரலாறாக இருப்பதோடு, ஒரு நோய் கண்ணைவிட்டு மறைந்த பிறகு மருத்துவ அமைப்பில் எவையெல்லாம் சேர்ந்து மறைகின்றன என்பதைக் காட்டும் பதிவாகவும் இருக்கிறது.

ஸ்பெயினுக்கு இந்நோய் புதிதல்ல. குழந்தைகள் மூச்சுத் திணறிக் கொத்துக் கொத்தாக இறந்த 1613ஆம் ஆண்டை அந்நாட்டு வரலாறு இந்நோயின் பெயராலேயே குறிப்பிடுகிறது. 20ஆம் நூற்றாண்டிலும், உள்நாட்டுப் போர் முடிந்த பின் வந்த பஞ்ச காலத்தில், ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானார்கள். 1940களின் நடுவில் டிப்தீரியாத் தடுப்பூசி அங்கே நடைமுறைக்கு வந்தது. 1960களின் நடுவில் டிப்தீரியா, கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி நாடு முழுவதும் முகாம்கள் வழியாகப் போடப்பட்டது. அதன்பின் நோய் மளமளவென்று குறைந்து, ஒரு தலைமுறைக்குள் பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கும் பெயராகிவிட்டது.

2015இல் ஸ்பெயினில் குழந்தைகளுக்கான முதல் சுற்றுத் தடுப்பூசியைப் பெற்றவர்களின் விகிதம் 95 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. தடுப்பூசி அங்கே இலவசம். ஆனால் கட்டாயம் இல்லை. இச்சிறுவனுக்கு ஒரு தவணை கூடப் போடப்படவில்லை. வறுமையோ, தொலைவோ, மருந்துத் தட்டுப்பாடோ அதற்குக் காரணம் அல்ல. தடுப்பூசி வேண்டாம் என்று பெற்றோர் எடுத்த முடிவே காரணம். நம் நாட்டில் தவணை தவறிய குழந்தைகளின் பின்னணியில் பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் போகும் வேலை, முதல் ஊசிக்கு வந்த காய்ச்சலைக் கண்ட பயம், தொலைந்துபோன அட்டை ஆகியவையே இருக்கும். இந்நிகழ்வைப் படிக்கையில் அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது; இரண்டுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது.

நோயின் தொடக்கமும் கவனிக்கப்பட்டவையும்

முதல் சில நாட்களில் சிறுவனுக்கு இருந்தவை உடல் சோர்வு, காய்ச்சல், தலைவலி, தொண்டை வலி ஆகியவையே. இந்த நான்கோடு வரும் குழந்தைகளை எந்த ஊர் மருத்துவரும் வாரத்துக்குப் பலர் பார்க்கிறார். அவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ் தொற்று இருக்கும். சிலருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் டான்சில் வீங்கியிருக்கும். தொண்டை அடைப்பானில் காய்ச்சல் அவ்வளவு உயர்வதில்லை என்பது ஒரு துப்புத்தான் என்றாலும், காய்ச்சல் குறைவாக இருப்பது பெற்றோருக்கும் மருத்துவருக்கும் அச்சத்தைவிட ஆறுதலையே தரும்.

இந்நோயைப் பிரித்துக் காட்டுவது தொண்டையில் படியும் படலம். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை அழுத்தி, விளக்கொளியில் பார்த்தால் முதலில் டான்சிலின் மேல் வெண்புள்ளிகள் போலத் தெரிந்து, ஓரிரு நாளில் அவை ஒன்றுசேர்ந்து, அழுக்குச் சாம்பல் நிறத்தில் தடித்த தோல் போலாகி, உள்நாக்கையும் மேலண்ணத்தையும் நோக்கிப் பரவும். சாதாரண டான்சில் அழற்சியில் காணும் வெண்சீழைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துவிடலாம். இதை எடுக்க முயன்றால் அடியிலிருக்கும் திசுவோடு ஒட்டிக்கொண்டு வராது. வந்தால் இரத்தம் கசியும். நோய் கடுமையானால் கழுத்தின் இருபுறமும் வீங்கித் தாடைக்கோடே மறைந்துவிடும். அருகில் போனால் ஒருவித அழுகல் நெடி வரும். இவற்றை ஒருமுறை நேரில் பார்த்தவர் பிறகு மறப்பதில்லை. ஆனால் 2015இல் ஸ்பெயினில் பணியிலிருந்த குழந்தை மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை அப்படி ஒரு தொண்டையைப் பார்த்ததே இல்லை.

உடல்நிலை மோசமாகவே சிறுவன் உள்ளூர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். அங்கேயே டிப்தீரியா என்னும் ஐயம் எழுந்து, மே மாத இறுதியில் அவன் பார்சிலோனாவில் உள்ள வால் டி எப்ரோன் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டான். இந்த ஐயம் எழுந்ததையே ஒரு சாதனையாகக் கருத வேண்டும் என்பது என் எண்ணம். முப்பது ஆண்டுகளாக நாட்டில் இல்லாத ஒரு நோயை, தடுப்பூசி அட்டை வெறுமையாக இருந்ததோடு சேர்த்துப் பார்த்து, ஆய்வக முடிவு வருமுன்னரே பெயரிட்டுச் சொல்வது எளிய காரியம் அல்ல.

எடுக்கப்பட்ட முடிவுகள்

தொண்டையிலிருந்து எடுத்த மாதிரி மத்ரித்தில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் மையத்துக்கு அனுப்பப்பட்டது. ஜூன் 2 வாக்கில் நோய் உறுதியானது. இங்கே ஆய்வகம் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. இருப்பது கொரினிபாக்டீரியம் டிப்தீரியே கிருமியா என்பது முதல் கேள்வி. அக்கிருமி நச்சுப்பொருளை உண்டாக்கும் வகையா என்பது இரண்டாவது கேள்வி. சிகிச்சைக்கு முக்கியமானது இதுதான். கிருமி தானாக நச்சை உண்டாக்குவதில்லை. அதைத் தொற்றும் ஒருவகை வைரஸ் கொண்டுவந்து சேர்க்கும் மரபணு இருந்தால்தான் நச்சு சுரக்கும். அந்த மரபணு இல்லாத கிருமி தொண்டையில் இருந்தாலும் நச்சால் வரும் இதயப் பாதிப்பை உண்டாக்காது. ஓலோட் சிறுவனிடம் கண்டது நச்சு சுரக்கும் வகை.

சிகிச்சை மூன்று திசைகளில் நடக்க வேண்டியிருந்தது. கிருமியைக் கொல்ல நுண்ணுயிர்க்கொல்லி, மூச்சுப்பாதையைக் காக்க செயற்கை சுவாசம், ஏற்கெனவே இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைச் செயலிழக்கச் செய்ய நச்சுமுறி மருந்து. முதல் இரண்டும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் கையெட்டும் தூரத்தில் இருப்பவை. மூன்றாவது மருந்து ஸ்பெயினில் எங்குமே இல்லை.

ஆய்வக உறுதிக்குக் காத்திராமல், ஐயம் எழுந்த உடனேயே மருந்தைத் தேடத் தொடங்கியது சரியான முடிவு. நச்சு உயிரணுவுக்குள் நுழையுமுன் அதைப் பிடித்தால்தான் இம்மருந்தால் பயன் உண்டு. நுழைந்துவிட்ட நச்சை அது ஒன்றும் செய்யாது. உள்ளே போன நச்சு, உயிரணு புரதம் தயாரிக்கத் தேவையான ஒரு மூலக்கூற்றை முடக்கிவிடுகிறது. அதன்பின் அந்த உயிரணு மெல்ல மெல்ல மடியும். ஆகவே மருந்து முதல் நாளில் கிடைப்பதற்கும் ஐந்தாறு நாள் கழித்துக் கிடைப்பதற்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு. 1894இல் பாரிஸில் எமில் ரூ என்னும் மருத்துவ ஆய்வாளர் இந்த நச்சுமுறி அடங்கிய குதிரைச் சீரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, மருத்துவமனைக்கு வந்தவர்களில் பாதிக்கு மேலாக இருந்த இறப்பு ஏறத்தாழ நாலில் ஒன்றாகக் குறைந்தது. நூற்றாண்டுக்கும் மேலான அந்த மருந்துதான், அடிப்படையில் அதே முறையில் செய்யப்பட்டு, இன்றும் நம்மிடம் உள்ள ஒரே நச்சுமுறி.

மருந்து ஏன் இல்லை

செயலிழக்கச் செய்த நச்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைச் சீரத்திலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மை செய்வதே தயாரிப்பு முறை. பாம்புக்கடிக்கான விஷமுறிவு மருந்தும் இப்படித்தான் தயாராகிறது. இதற்குக் குதிரைப் பண்ணை வேண்டும், தேர்ந்த ஆட்கள் வேண்டும், ஓயாத தரச் சோதனை வேண்டும். வாங்குபவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மேற்கு ஐரோப்பாவில் நோயே இல்லாமல் போனபோது, ஆண்டுக்கு ஒரு குப்பி கூட விற்காத பொருளைத் தயாரிக்க நிறுவனங்கள் விரும்பவில்லை. அரசுகளும் காலாவதியாகும் சரக்கைத் திரும்பத் திரும்ப வாங்கி வைப்பதை வீண் செலவாகக் கருதின. தடுப்பூசியின் வெற்றிதான் மருந்து அலமாரியைக் காலி செய்தது.

ஸ்பெயின் அதிகாரிகள் பிற நாடுகளையும் பன்னாட்டுச் சுகாதார அமைப்புகளையும் அணுகினார்கள். கடைசியில் மருந்து ரஷ்யாவிலிருந்து விமானத்தில் வந்து, ஜூன் தொடக்கத்தில் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. ரஷ்யாவிடம் அது இருந்ததற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் சிதறிய 1990களில், தடுப்பூசித் திட்டம் தளர்ந்து, அந்நிலப்பரப்பு முழுவதும் 1,50,000க்கும் மேற்பட்டோருக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. ஏறத்தாழ 5,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள் அல்லர், பெரியவர்கள். சிறு வயதில் போட்ட ஊசியின் காப்பு தேய்ந்துபோனவர்கள். அந்த அடியை வாங்கிய நாடு மருந்து செய்வதைக் கைவிடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

மருந்து வந்து சேர்ந்தபோது நோய் தொடங்கி ஒரு வாரத்துக்கும் மேலாகியிருந்தது. இந்நோயில் முதல் வாரத்தின் எதிரி மூச்சடைப்பு. இரண்டாம் வாரத்தின் எதிரி இதயம். படலம் கரைந்து தொண்டை தெளியத் தொடங்கும் நேரத்தில்தான் இதயத்தசை அழற்சி தலைகாட்டும். துடிப்பின் ஒழுங்கு தவறும், இரத்த அழுத்தம் விழும், அதைத் தொடர்ந்து சிறுநீரகம் ஓயும். இன்னும் சில வாரம் கழித்து நரம்புகள் தாக்கப்பட்டு, குடித்த நீர் மூக்கு வழியே வருவதும், குரல் மூக்கடைத்தது போலாவதும், கைகால் தளர்வதும் உண்டு. பிழைக்கும் பிள்ளைகளில் இவை பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். இதயம் அப்படி வாக்களிப்பதில்லை.

பார்சிலோனா மருத்துவமனையில் சிறுவனின் சுவாசம், இரத்த ஓட்டம், சிறுநீரகம் மூன்றையும் இயந்திரங்களின் துணையோடு நடத்த வேண்டியிருந்தது. ஐரோப்பாவின் முன்னணி மருத்துவமனைகளில் ஒன்று தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்தது. ஏறத்தாழ நான்கு வாரப் போராட்டத்துக்குப் பின், 2015 ஜூன் 27 அன்று சிறுவன் இறந்தான். இங்கே கருவிகளின் பற்றாக்குறை எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1920களின் மருத்துவமனை ஒன்றில் முதல் நாளே நச்சுமுறி மருந்து கிடைத்த பிள்ளைக்கு, 2015இன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் வாரத்தில் கிடைத்த பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கும்.

சுற்றியிருந்தவர்கள்

சிறுவனோடு பழகியவர்களைத் தேடி, வீட்டார், வகுப்புத் தோழர்கள், உடன் விளையாடியவர்கள், மருத்துவப் பணியாளர்கள் என ஒவ்வொருவரிடமும் தொண்டை மாதிரி எடுக்கப்பட்டது. தடுப்பு மருந்தாக நுண்ணுயிர்க்கொல்லி தரப்பட்டது. தவணை விட்டிருந்தவர்களுக்கு ஊசி போடப்பட்டது. முதல் சுற்றுப் பரிசோதனையில் எட்டுப் பிள்ளைகளின் தொண்டையில் அதே கிருமி இருந்தது. எட்டுப் பேரும் தடுப்பூசி போட்டவர்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. கிருமி நீங்கியது உறுதியாகும்வரை அவர்கள் வீட்டிலேயே இருத்தப்பட்டார்கள்.

இந்நிகழ்வின் மையம் இதுதான் என்று நான் கருதுகிறேன். டிப்தீரியாத் தடுப்பூசி கிருமிக்கு எதிரானது அல்ல, நச்சுக்கு எதிரானது. பிரெஞ்சு ஆய்வாளர் காஸ்டன் ராமோன் 1923இல் உருவாக்கியது, ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த நச்சு. ஆகவே ஊசி போட்டவரின் தொண்டையில் கிருமி குடியேறலாம், அடுத்தவருக்கும் போகலாம். அவர் மட்டும் பெரும்பாலும் நோயில் விழமாட்டார். சுற்றிலும் எல்லாரும் ஊசி போட்டிருக்கிறார்கள், என் பிள்ளைக்கு எங்கிருந்து வரப்போகிறது என்ற கணக்கு தட்டம்மையில் ஓரளவு எடுபடும். இந்நோயில் அது பாதுகாப்பான கணக்கு அல்ல. ஒரே கிருமி ஒன்பது தொண்டைகளில் இருந்தது. எட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவலி கூட இல்லை, ஒன்பதாவது பிள்ளை இறந்தான்.

பிறகு நடந்தவை

பெற்றோர் மனமுடைந்து போனதாகவும், தடுப்பூசிக்கு எதிரான பிரச்சாரத்தால் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்வதாகவும் கட்டலோனியச் சுகாதார அதிகாரிகள் அப்போதே தெரிவித்தார்கள். ஊடகங்களில் சில அக்குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. அது முறையும் அல்ல, பயனும் அல்ல. பிள்ளைக்கு நல்லது செய்வதாக நம்பி முடிவெடுத்தவர்களை ஏசுவதால், அதே தயக்கத்தில் இருக்கும் அடுத்த குடும்பம் மருத்துவரிடம் வாய்திறக்காமல் போகும். அப்பகுதியில் தடுப்பூசி போடாதிருந்த குடும்பங்களில் பல, தாமாகவே முன்வந்து போட்டுக்கொண்டன. கட்டாயமாக்க வேண்டுமா என்ற விவாதம் நாடெங்கும் நடந்தது, ஸ்பெயின் கட்டாயமாக்கவில்லை.

மருந்துத் தட்டுப்பாடு ஸ்பெயினோடு முடியவில்லை. அடுத்த ஆண்டே, 2016 மார்ச்சில், பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் தடுப்பூசி போடாத மூன்று வயதுக் குழந்தை இதே நோயால் இறந்தது. அங்கும் மருந்தை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. 2022இல் ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்து வந்த இளைஞர்களிடையே இந்நோய் திடீரெனக் கூடியபோது, பெரும்பாலோருக்கு அது தொண்டையில் அல்லாமல் தோல் புண்ணாக வந்தது. 2023இல் நைஜீரியாவில் பெரிய அளவில் பரவியபோது நச்சுமுறி மருந்து உலக அளவிலேயே போதாமல் போயிற்று.

மாற வேண்டியவை

மருந்து இருப்புப் பற்றி முதலில். ஒவ்வொரு மருத்துவமனையும் குப்பிகளை அடுக்கி வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. ஆனால் ஒரு நாட்டிலோ மாநிலத்திலோ எந்தக் கிடங்கில் இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிட்டால் திறப்பார்கள் என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இம்மருந்தைத் தயாரிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனினும் தயாராகும் நாட்டில் இருப்பதும் நோயாளியின் படுக்கையருகே இருப்பதும் ஒன்றல்ல.

சிகிச்சை முறையிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், பெனிசிலினைவிட அசித்ரோமைசின், எரித்ரோமைசின் வகைகளை முன்னிறுத்துகிறது. நச்சுமுறி மருந்து தருமுன் எல்லாருக்கும் வழக்கமாகச் செய்துவந்த ஒவ்வாமைச் சோதனை தேவையில்லை என்றும் அது கூறுகிறது. குதிரைச் சீரம் என்பதால் ஒவ்வாமை வரக்கூடும்; அட்ரினலின் கைக்கருகில் இருக்க வேண்டும், பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஆனால் சோதனைக்காக மணிக்கணக்கில் மருந்தைத் தள்ளிப்போடுவது நச்சுக்கு வழிவிடுவதாகும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது அல்ல, நோயின் பரவலையும் நாட்களையும் பொறுத்தது என்பதையும் இளம் மருத்துவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சிறு பிள்ளை என்று பாதியளவு தருவது தவறு. நச்சு ஆளைப் பார்த்துக் குறைவதில்லை.

நோய் தாக்கும் வயது மாறிவருவது நம் பக்கத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2016இல் கேரளத்தின் வட மாவட்டங்களில், குறிப்பாக மலப்புரத்தில், தொண்டை அடைப்பான் பரவியபோது நோயாளிகளில் பெரும்பாலோர் பத்து வயதைத் தாண்டியவர்கள். கைக்குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் ஊசியில் காட்டும் அக்கறை, ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய ஊக்க ஊசிகளில் குறைந்து, 10, 16 வயதுகளில் பள்ளிக்கூடத்தில் போடும் டிடி (டெட்டனஸ்–டிப்தீரியா) ஊசியில் இன்னும் தேய்ந்துவிடுகிறது. தொண்டை வலியோடு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் கடைசி ஊசி எப்போது என்று கேட்கும் பழக்கம் நம் புறநோயாளிப் பிரிவுகளில் வர வேண்டும்.

நோயிலிருந்து பிழைத்த பிள்ளை வீடு திரும்புமுன் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. இது அடிக்கடி விட்டுப்போகிறது. உடலுக்குத் தீங்கு செய்யப் போதுமான நச்சு, எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாமல் போகலாம் என்பதால், ஒருமுறை தொண்டை அடைப்பான் வந்தவருக்கு மறுமுறை வராது என்ற உறுதி இல்லை. குணமடையும் காலத்திலேயே அப்பிள்ளைக்கு வயதுக்குரிய தடுப்பூசியைத் தொடங்கி, அடுத்த தவணைக்கான தேதியை வெளியேற்றச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.